மிஞ்சிய தீனி

மறந்துபோனதை அப்பாவிடம் யாரும் சொல்லிக்காட்டக் கூடாது என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். அவருக்கு நினைவு தேய்ந்துவருவதாக மருத்துவர் சொல்லிய அன்று, வீடு திரும்பியவர் இரண்டாம் முறையாகத் தேநீர் கேட்டபோது, அம்மா மறுபேச்சின்றிப் பாலைச் சுடவைத்தாள். சட்டம் அப்படித்தான் பிறந்தது. அதன்பின் அவர் சொன்ன கதையையே சொன்னாலும், சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் வீடே சிரித்தது.

அவர் கை தடுமாறாத இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: கூடத்திலிருந்த மூன்றடி மீன்தொட்டி. முப்பது ஆண்டுகள் பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியில் கண் பதித்து அடுத்தவர் வயிற்றுப் புழுக்களைத் தேடிய மனிதர், ஓய்வுபெற்றபின் அதன் மணலில் ஒவ்வொரு செடியையும் இடுக்கியால் நட்டிருந்தார். செடிகளுக்கிடையே சிவப்பு இறால்கள் குஞ்சு பொரித்துப் பெருகின.

தொட்டிக்குள் வந்த புழுக்களை மகள்தான் முதலில் பார்த்தாள். வெள்ளை நூல்துணுக்குகள் போல, அம்புமுனைத் தலையோடு, அவசரமே இல்லாமல் கண்ணாடியில் ஊர்ந்தன. அப்பா காணுமுன் சவரத்தகட்டால் சுரண்டினாள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு துண்டும் முழுப்புழுவாக வளரும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த அப்பாவிடம் கேட்க மனம் வரவில்லை. சில வாரங்களில் அவை இரட்டிப்பாயின; அவற்றுக்கு இரையாகி இறால் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வளர்ப்பு மீன்கடைக்காரர், நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தார். மருந்தெல்லாம் அப்புறம், தீனி மிஞ்சினால் புழு வந்தே தீரும் என்றார்.

"உங்க வீட்டுல யாருக்கும்மா இவ்வளவு தாராளக் கை? மீனுக்கு என்ன, தினமும் விருந்தா?"

அவள் சிரித்து மழுப்பினாள். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. ஐயம் வந்தால் அப்பா கேட்காமல் தீனி போடமாட்டார். அந்த ஒழுங்கு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. காலையில் அவளிடம் கேட்பார். பிறகு அம்மாவிடம். மதியம் மறுபடி அவளிடம். போட்டாயிற்று என்றால் மறதியைச் சொல்லிக்காட்டியதாகிவிடும். ஆகவே இருவரும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இன்னும் போடவில்லை, போடுங்கள். தீனி டப்பாவை ஒருமுறை ஒளித்துவைத்ததும் உண்டு. அன்று முழுக்க வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடியவர், மாலையில் விசும்பி அழுதார். அம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மருந்து கேட்டது. மகள் மணலடி அழுக்கையும் குழாயால் உறிஞ்சியெடுத்தாள். ஆனாலும் இரண்டு மாதங்களில் புழுக்கள் திரும்பிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா உருப்பெருக்கிக் கண்ணாடியோடு தொட்டிமுன் உட்கார்ந்திருந்தார். வெகுநாளைக்குப் பின் அவர் குரலில் பழைய அதிகாரம் இருந்தது.

"தட்டைப்புழு. தீனி மிஞ்சினாத்தான் இப்படிப் பெருகும். நான் ஒருவேளைதான் போடுறேன். எனக்குத் தெரியாம யாரு போடுறது?"

"நான்தாங்க," என்றாள் அம்மா, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருடம் கூட இருந்தும் ஓர் உயிரை வளர்க்கத் தெரியவில்லை என்றார்; அந்த இறால்களைக் கொன்றவளே நீதான் என்றார்; இனி தொட்டிப் பக்கம் வராதே என்றார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது என்பதை மகள் அப்போதுதான் கண்டாள். தொலைந்த சாவி, அணைக்காத அடுப்பு, திறந்தே கிடந்த வாசற்கதவு என எல்லாமே அம்மாவின் தவறுகளாக ஆகிவிட்டிருந்தன.

அப்பா டப்பாவின் மூடியைத் திறந்தார்; தயங்கினார்.

"இன்னைக்குப் போட்டேனா?"

அம்மா வாயெடுக்குமுன் மகள் அவர் கையைப் பிடித்தாள்.

"போட்டீங்கப்பா. விடிஞ்சதுலேருந்து மூணு தடவை. தினமும் இப்படித்தான். நீங்க கேக்கும்போதெல்லாம் போடலைன்னு நாங்கதான் பொய் சொன்னோம். அம்மா ஒரு நாளும் போட்டதில்ல. உங்களுக்கு மறந்துபோகுதுப்பா."