ஏழாவது மாடிக் காற்று

"தலையைத் தூக்குடா, சுவத்துல இடிக்குது."

"நான் தூக்கிட்டேன். நீ காலை இறக்கு."

முதல் மாடியிலிருந்து தரைக்குப் பதினெட்டே படிகள். நடுவில் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் தத்தாராமைப் போர்வையோடு ஏறக்குறைய நிற்கவைத்துத்தான் திருப்ப முடிந்தது. ரக்மா வாசல் நிலையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து அவள் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் அந்த இருமல் கேட்டது.

சின்ன இருமல். அடக்கப் பார்த்து, முடியாமல் வந்தது. ரக்மா திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது, பிரணாலிதான். பதினோரு வயது மகள். அவளுக்கு இருப்பது அந்த ஒருத்திதான்.

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ரக்மா வாயைத் திறந்து ஓவென்று அலறினாள். பெண்கள் ஓடிவந்து அவளைத் தாங்கிக்கொண்டார்கள்.

"விடுங்க, அழட்டும்," என்றாள் நாத்தனார் குசும். "உள்ளயே வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சிடும்."

இரண்டாவது இருமல் அந்த அலறலில் மூழ்கிப்போனது. மூன்றாவதும்.

கீழே பாடை கட்டித் தயாராக இருந்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவில் இருவர் அருகருகே நடக்க முடியாது என்பதால் பாடை முன்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. சத்தம் தேய்ந்ததும் பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். தத்தாராம் படுத்திருந்த இடத்தில் குசும் அகல்விளக்கை ஏற்றி வைத்தாள்.

"பத்து நாளைக்கு இது அணையக் கூடாது. ஜன்னலைச் சாத்து, காத்துல அணைஞ்சிடப் போவுது."

"சாத்தித்தான் இருக்கு அண்ணி."

குசும் சந்தேகத்தோடு போய்க் கொக்கியைத் தடவிப் பார்த்தாள். அது துருப்பிடித்து இறுகியிருந்தது. மூன்று வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. திறந்தால் எட்டும் தூரத்தில் எதிர்க்கட்டிடத்தின் சமையலறைக் கம்பி. மேல்மாடிக்காரர்கள் எறிகிற மீன் முள்ளும் குழந்தைத் துணியும் இடைச் சந்தில் விழுந்து அழுகும். காற்று அந்தப் பக்கம் வந்ததே இல்லை, நாற்றம்தான் வந்தது.

விளக்கின் சுடர் ஆணி அடித்தாற்போல நேராக நின்றது. ஐந்து பெண்கள் மூச்சு விடும் அறையில் அது இம்மியும் அசையவில்லை. ரக்மா அதையே பார்த்தாள். பிறகு சுவரோரம் குந்தியிருந்த மகளைப் பார்த்தாள். பிரணாலி வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், எண்ணி எண்ணி விடுவதுபோல.

தண்டவாள ஓரத்துக் குடிசைகளை இடித்துவிட்டு இந்தக் கட்டிடத்தில் வீடு கொடுத்தபோது, மைதானத்தில் சீட்டுக் குலுக்கினார்கள். தத்தாராம் கையில் வந்தது ஏழாவது மாடி, கிழக்கு மூலை. பக்கத்தில் நின்ற அடுத்த குடிசைக்காரி மங்கலுக்கு முதல் மாடி.

தத்தாராம் வீட்டிலேயே சட்டைக் காலர் தைப்பவன். துணி மூட்டை வாரம் மூன்று வரும், மூன்று போகும். லிஃப்ட் வந்த புதிதிலேயே நின்றுவிட்டது. ரக்மாதான் மங்கலைத் தனியாக அழைத்துக்கொண்டு போனாள்.

"மாத்திக்கலாமா?"

"ஐயோ, எனக்கு உசரம்னாலே தலை சுத்தும் ரக்மா. சின்னது வேற எட்டிப் பாக்கும்."

"கம்பி போட்டுக்கோ. காத்து வரும்டி. கடல் பக்கத்துலேர்ந்து நேரா அடிக்கும். ஃபேனே வேண்டாம்."

இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தாள். காற்று வரும் என்று அவள் வாயாலேயே சொன்னாள்.

இரண்டு வருடம் முன் தத்தாராம் இருமத் தொடங்கியபோது, வீட்டில் காற்று வருமா என்று காசநோய் டாக்டர் கேட்டார். "எதிர்வீட்டுக்காரன் விட்டா வரும் டாக்டர்," என்றான் அவன். டாக்டர் சிரித்தார். ரக்மா சிரிக்கவில்லை. இரண்டு முறை மாத்திரை மாற்றினார்கள். இரண்டு முறையும் அதே பாயில் படுத்து, அதே அறையில் மூவரும் மூச்சு விட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் மங்கல் நின்றாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் கடலைமாவுக் குழம்பும் சோள ரொட்டியும் கொண்டு வந்திருந்தாள். பாத்திரத்தை நிலைக்கு உள்பக்கம் வைத்துவிட்டு அவள் வெளியிலேயே நின்றாள். புடவைத் தலைப்பு மூக்கை மூடியிருந்தது.

"உள்ள வாடி," என்றாள் குசும்.

"இருக்கட்டும் அக்கா. பசங்க தனியா இருக்காங்க."

ரக்மாவுக்கு அந்தத் தலைப்பைப் பார்க்கக் கோபம் வரவில்லை. தானாக இருந்தாலும் அப்படித்தான் மூடியிருப்பாள். அவள் ரொட்டியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து மகளிடம் நீட்டினாள். பிரணாலி வாயில் வைத்ததும் இருமினாள். இம்முறை அடக்க முடியவில்லை. தோளெல்லாம் குலுங்க, கண்ணில் நீர் முட்ட, இருமி முடித்துவிட்டு அம்மாவைப் பயந்து பார்த்தாள்.

"காரம்," என்றாள்.

குழம்பில் காரமே இல்லை என்பது மங்கலுக்குத் தெரியும்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் மங்கல்.

ரக்மா குசுமைப் பார்த்தாள், சுடரைப் பார்த்தாள். "மூணு வாரம்."

"மூணு வாரமாவா வாயைப் பொத்தி வச்சிருக்க?"

"அவரையே பாத்துட்டிருந்தேன் மங்கல். ரெண்டாவது ஆளையும் சொன்னா..." ரக்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். குரல் இறங்கிவிட்டது. "இவளை மேல வச்சுக்கிறியா? ஒரு பத்து நாள். ஜன்னல் பக்கம் ஒரு பாய் போட்டாப் போதும்."

மங்கலின் கை தலைப்பை இன்னும் இறுக்கியது. "எனக்கு மூணு இருக்கு ரக்மா. கடைசிக்கு நாலு வயசு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"வேற யாரைக் கேப்பேன்?"

குசும் உள்ளிருந்து அதட்டினாள். "தீட்டு வீட்டுப் பொண்ணு அடுத்த வீட்டு வாசப்படி மிதிக்கிறதாவது. பத்து நாள் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரியோ எதுவோ பாத்துக்கலாம்."

"பத்து நாளா?" மங்கல் அவள் பக்கம் திரும்பினாள். "தீட்டு பத்து நாள்ல போயிடும் அக்கா. இது போவுமா?"

குசும் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினாள்.

மங்கல் பிரணாலியிடம், "புஸ்தகம் எடுத்துக்க," என்றாள். "என் வீட்டுக்குள்ள இல்ல. வெளிய, நடையோட கடைசியில ஒரு ஜன்னல் இருக்கு. அங்க உக்காரு. எம்பசங்க பக்கத்துல வர மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். நாளைக்குக் காலைல சளி டெஸ்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன். உங்கம்மா வெளிய வரக்கூடாதாமே." ரக்மாவைப் பார்க்காமல் சொன்னாள். "ராத்திரிக்குக் கீழ அனுப்பிடுவேன். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

பிரணாலி சரித்திரப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால், நான்கு படி இடைவெளி விட்டு ஏறினாள். அந்த நான்கு படியை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ரக்மாவுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஆண்கள் திரும்பிவந்து குளிக்கப் போனார்கள். குசும் அசதியில் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். ரக்மா சத்தமில்லாமல் கதவைத் திறந்து படியேறினாள். நான்காவது மாடி வரை அதே புழுக்கம், அதே இருட்டு. ஐந்தில் ஒரு கதவு தானாக அடித்துக்கொண்டது. ஆறில் அவள் முந்தானை நகர்ந்தது. ஏழாவது மாடியின் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

நடையின் கோடியில், கம்பி வைத்த ஜன்னலுக்குக் கீழே பிரணாலி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தின் பக்கங்கள் படபடவென்று புரண்டன. முழங்கையால் ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழுந்தது. பின்னலிலிருந்து பிரிந்த முடி மேலே எழும்பி எழும்பி விழுந்தது. காற்று நடை முழுவதும் இரைந்தது. கதவுகளும் கொடியில் கிடந்த துணிகளும் சேர்ந்து இரைந்தன.

பிரணாலியின் தோள்கள் ஒருமுறை குலுங்கின. பிறகு மறுபடியும்.

ரக்மா படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை முன்னுக்கு நீட்டினாள். காதோரம் பறந்த முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு உற்றுக் கேட்டாள். காற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.