பதினோராம் பக்கம்

2016 மார்ச் 14, திங்கட்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடம். கொலம்பியாவின் கிப்தோ நகரில் வழக்கமான மழை. நீதிமன்ற வாசலில் நூபியா மொஸ்கேராவுக்கு முன்னால் ஆறு பேர் நின்றார்கள். அவள் கையைப் பற்றியிருந்த மகள் யூலெய்சிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. உள்காதில் கருவி பொருத்தினால் கேட்கும். ஆனால் ஐந்து வயது நிறைந்துவிட்டால் அந்த அறுவைசிகிச்சைக்கு எடுத்துக்கொள்வதில்லை என்று மெதெயின் நகரத்து மருத்துவர் எழுதியிருந்தார். அவளுக்கு ஐந்து வயது நிறைய இன்னும் பதினைந்து நாளே இருந்தது. காப்பீட்டு நிறுவனம் அறுவைசிகிச்சையை மறுத்ததால்தான் இந்த மனு. பத்து நாளில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இன்று பத்தாம் நாள்.

வாசலோரம், பிளாஸ்டிக் விரிப்பின்கீழ், மனு அடித்துத்தரும் எலாதியோ மடிக்கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பயப்படாத மகளே. நான் அடிச்ச காது மனு ஒண்ணுகூட தோத்ததில்ல."

"எத்தனை அடிச்சிருக்கீங்க ஐயா?"

"நாப்பது இருக்கும். பேரையும் அடையாள எண்ணையும் மாத்தினா போதும். மத்ததெல்லாம் ஒரே எழுத்துதான்."

நூபியா மனுவின் தன் பிரதியைப் பிரித்தாள். மனு கொடுத்த அன்று நெரிசலில் படிக்காமலேயே கையெழுத்திட்டிருந்தாள். கடைசிப் பத்தியில் கோரியிருந்தது வெளியே மாட்டும் இரண்டு காது மெஷின்கள். அவை யூலெய்சியிடம் மூன்று வருடமாக இருந்தன. காதுக்கு ஒரு தோடு தரும் பயனைக்கூட அவை தரவில்லை.

"ஐயா, நான் ஆபரேஷன்னுதானே சொன்னேன்?"

எலாதியோ மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தார். "டாக்டர் கடிதம் பதினோராம் பக்கத்துல இருக்குல்ல. நீதிபதி பாத்திருப்பாரு."

"பாக்கலேன்னா?"

அவர் மறுபடி மடிக்கணினியைத் துடைத்தார்.

உள்ளே எழுத்தர் புன்னகைத்தார். "உங்க மனு ஜெயிச்சிருச்சும்மா. எதிர்த்தரப்பு ஆட்சேபணையே சொல்லல."

இரண்டு வருடமாக எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை சொன்ன நிறுவனம் அது.

"எம்பொண்ணுக்கு வேண்டியது மெஷின் இல்ல சார். பதினோராம் பக்கம் பாருங்க."

அவர் மனுவைப் புரட்டி, அந்தப் பக்கம் முழுவதையும் பொறுமையாகப் படித்தார். "இருக்கு. ஆனா கோரிக்கையில இல்லையே."

"திருத்த முடியாதா?"

"கையெழுத்தாயிடுச்சு. மூணு நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணுங்க. அது முடிய இருபது நாள் ஆகும்."

"எங்களுக்கு இருக்கிறது பதினஞ்சு நாள்."

"அதையும் அதுல எழுதுங்க."

பெற்றுக்கொண்டதற்கு அவளிடம் கையொப்பம் வாங்கினார். நான்கு தாள்களின் ஓரங்களையும் மேசையில் தட்டிச் சமன்செய்தார். பிறகு, நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பை அவளிடம் நீட்டினார்.