மணிக்கட்டு உயரம்

மேசை செய்வதென்று முடிவானதும் என் வீட்டுக்காரர் டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு, மாட்டுக்கொட்டத்து நிலையை ஒட்டி விறைப்பாக நின்றார்.

"கையத் தொங்க விட்டிருக்கேன். தரையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் எம்புட்டு இருக்குன்னு பாரு."

முப்பத்துநாலு அங்குலம். நிலைக்காலில் பென்சிலால் கோடு கிழித்துக்கொண்டார். நின்று இழைப்பவருக்கு மேசை மணிக்கட்டு உயரத்தில் இருக்க வேண்டுமாம். கூடினால் தோள் போகும், குறைந்தால் இடுப்பு போகும்.

அவருக்கு ஏற்கெனவே போயிருந்தது முட்டி. கோயம்புத்தூரில் பதினாலு வருடம் கதவும் அலமாரியும் செய்தவர், சாரத்திலிருந்து விழுந்தார். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். இடது கால் மடங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் அமுக்கிக்கொண்டு செய்கிற வேலை அத்தோடு முடிந்தது. சொந்த ஊரான பரளச்சிக்கே வந்துவிட்டோம். இனி நின்றுதான் பிழைக்க வேண்டும். அது சரிப்பட்டு வராவிட்டால், அவருடைய அக்கா வீட்டுக்காரர் சௌந்தரபாண்டியன் அண்ணன் விருதுநகரில் பார்த்து வைத்திருந்த வாட்ச்மேன் வேலை இருந்தது. ஊருக்கெல்லாம் கதவு செய்த மனுசர் யாருக்கோ கேட்டைத் திறந்து மூடுவதா? அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. எனக்கும்தான்.

பள்ளிக்கூட நோட்டில் மூன்று நாள் வரைந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம். கால்களுக்குக் கருவேலம். மேலே கனத்த வேப்பம்பலகை, அருப்புக்கோட்டையில் அறுத்து லோடு ஆட்டோவில் வந்தது. ஓரத்தில் பலகையைக் கடித்துப் பிடிக்க ஒரு இரும்பு வைஸ். இழைக்கும்போது மேசை இம்மியும் அசையக் கூடாது என்று நான்கு கால்களையும் கொட்டத்து மண்தரையில் ஒன்றரை முழம் குழி தோண்டி நட்டார். பங்குனி மாதம். கரிசல் பாறையாக இறுகிக் கிடந்தது. குழியை மூடிக் கடப்பாரையால் இடித்தது நான்.

இந்த ஊரில் யார் வீடு கட்டினாலும் அடியில் சுக்கான் பாறை தட்டும்வரை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவார்கள். மழை பெய்தால் கரிசல் பொங்கும், வெயிலில் வாய் பிளக்கும். மேலாக அஸ்திவாரம் போட்டால் சுவர் வெடித்துவிடும். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்குத்தானே அதெல்லாம், மேசைக்கு யார் சுக்கான் பார்ப்பார்கள்? அப்படி ஒரு மெத்தனம்.

அரைமணி நேரம் நின்றால் அவருக்கு முட்டி வீங்கிவிடும். உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு இழுப்பு இழுத்து வையி ஜெகதி" என்பார். ரெண்டு இழுப்பு நாலாகி, நாலு நாற்பதாகி, ஆடிக்குள் இழைப்புளி என் கைக்குப் பழகிவிட்டது. மேசைதான் எனக்கு உயரம். ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல் பலகைத் துண்டை வைத்து, ஏறி நின்று இழைப்பேன். நீளப் பலகைக்கு நடந்து இழைக்கக் கீழே இறங்கினால் தோள் ஏறிக்கொள்ளும். ராத்திரி நான் தோளில் தைலம் தேய்த்துக்கொள்ளும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கல்நெஞ்சக்காரர் என்று திட்டிக்கொள்வேன், மனதுக்குள்தான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அப்போது மேசையில் இருந்தது மல்லாங்கிணறு பிச்சையம்மாள் வீட்டு வாசல் கதவு. இரண்டு பேருமாக முடித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் கதவு திரும்பி வந்தது, கூடவே பிச்சையம்மாளும்.

"கீழ ஒட்டுனா மேல வெரல் நுழையுது. கார்த்திகையில பால் காய்ச்சணும். உங்களால முடியாதுன்னா சொல்லிருங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

இவர் ரசமட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். நீர்க்குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. கூரைத் தண்ணீர் சொட்டுகிற பக்கம் கரிசல் பொங்கி, அந்த இரண்டு கால்களையும் மேலே தூக்கியிருந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. மேசை முறுக்கிக்கொண்டதால் அதன்மேல் செய்த கதவும் முறுக்கிக்கொண்டது.

"பத்து நாள்ல வேற கதவு தாரேன்" என்றார். அந்தம்மா நம்பாமல்தான் போனது.

அன்றைக்கே சௌந்தரபாண்டியன் அண்ணன் போன் பண்ணினார். "ஒண்ணாந்தேதி வந்து சேந்துரணும் மாப்ள. நாளைக்குச் சொல்லிரு."

மறுநாள் காலையில் நான்கு பட்டியக்கல் துண்டுகளைக் கொட்டத்தில் போட்டு வைத்திருந்தார், ஒவ்வொன்றும் இரண்டு அங்குல கனம். கால்களை அறுத்துவிட்டுக் கல்லின்மேல் மேசையை நிறுத்தினால், மண் பொங்கும்போதெல்லாம் அடியில் மரச்சக்கை கொடுத்து மட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தரைக்கு மேலே ஆறு அங்குலத்தில் ஒவ்வொரு காலிலும் கோடு போட்டார். படுத்துக்கொண்டு அறுக்க வேண்டியது நான்.

"ஆறு அறுத்து ரெண்டு அங்குலக் கல்லு வச்சா, நாலு அங்குலம் பள்ளமாயிருமேங்க. ஒங்க இடுப்பு என்னத்துக்காகும்?"

"அறு."

அறுத்தேன். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, மண்ணில் நின்ற அடிக்கட்டைகளை விட்டுத் தள்ளி மேசையைக் கல்லில் தூக்கி வைத்தோம். அவர் சக்கை செருகி, குமிழி நடுவுக்கு வரும்வரை தட்டினார். புதுப்பலகையை வைஸில் மாட்டினார். நான் வழக்கம்போலச் செங்கல்லைத் தேடினேன். காணோம்.

"வெளிய போட்டுட்டேன். செங்கல்லு மூணு அங்குலம், பலகத் துண்டு ஒண்ணு. மொத்தம் நாலு. அளந்துட்டுத்தான் போட்டேன்."

அவர் நிலைக்காலில் இருந்த பழைய பென்சில் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார். கோடு லேசில் போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

போன் அடித்தது. அண்ணன்தான்.

"வரல மச்சான்" என்றார் இவர். "இங்க எம் பொண்டாட்டி வேலை பாக்குறா. அளவு போட ஆள் வேணும்."

இழைப்புளியைப் பலகையில் வைத்து இழுத்தேன். தோள் ஏறவில்லை. கண்ணீர் சொட்டிப் பலகையில் கறையாகிவிடப் போகிறது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, டேப்பைக் கையில் எடுத்தார்.