பன்னிரண்டாவது டீ

‘நீந்தத் தெரியுமா?’ என்ற கேள்விக்கு எதிரே அவர் ‘தெரியாது’ என்று எழுதி வைத்திருந்தார். அவர் மனைவி அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் ‘தெரியும்’ என்று எழுதி, தன் படிவத்தைக் கவுன்ட்டரில் நீட்டினாள்.

படகுத்துறை அலுவலகம் தகரக் கூரை போட்ட சின்ன அறை. சுவரில் வெயிலில் நிறம் போன மீன் படங்கள். மூலையில் ஈரமான ரப்பர் செருப்புகள் குவிந்து கிடந்தன. கவுன்ட்டர் பெண் படிவத்தில் முத்திரை குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். அவர் மட்டும் நகரவில்லை.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“போன வருஷம்.”

“யாரு கத்துக்கொடுத்தா?”

“அப்புறம் சொல்றேன். பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

அவர் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர். வழியில் வண்டியை நிறுத்தி ஏறுவார். தலைகளை எண்ணி, கண்டக்டரின் கணக்கோடு ஒப்பிட்டு, எங்கே இடிக்கிறது என்று பார்ப்பார். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. டிக்கெட் தொலைந்துவிட்டது என்பவன், தூங்குவதுபோல் நடிப்பவன், ஏறியவரைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவன், யாரும் அவரிடம் தப்ப முடியாது. வீட்டுக்கு வரும்போது சீருடையைக் கழற்றுவார்; அந்தக் கண்ணைக் கழற்ற மாட்டார். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே ‘செக்கிங்’.

அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல், பத்தொன்பது வருடம் கூடக் குடித்தனம் செய்தவள் நீந்தக் கற்றிருக்கிறாள். செக்கிங் மனசுக்குள் பின்னோக்கிப் போனார். போன வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் சாயங்காலம் தையல் வகுப்பு என்று போனாள். அவள் ஒரு தலையணை உறை தைத்துக்கூட அவர் பார்த்ததில்லை. வீட்டுக்கு வரும்போது தலைமுடி ஈரமாக இருக்கும். கேட்டால், அங்கே வியர்த்துக் கொட்டுகிறது என்பாள்.

கணக்கு இப்போது இடித்தது. அதன்பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

படகில் மொத்தம் பன்னிரண்டு பயணிகள். செக்கிங், அவர் மனைவி, பதினான்கு வயது மகள், அவருடைய அக்கா என்று இவர்கள் நான்கு பேர். ஒரே அலுவலகத்து நண்பர்கள் ஆறு பேர். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று. படகை ஓட்டுபவர் அதிகம் பேசாத மனிதர். தண்ணீரில் கூட வருவதற்கு ஒரு கைடு இருந்தான். மற்ற எல்லாவற்றையும் படகோட்டியின் மனைவி பார்த்துக்கொண்டாள். ஐம்பது வயதிருக்கும். ஆண்பிள்ளைச் சட்டையை முழங்கை வரை சுருட்டியிருந்தாள்.

கிளம்பும் முன் அவள் ஒரு தட்டில் பன்னிரண்டு காகித டம்ளர்களில் டீ கொண்டுவந்தாள்.

“எனக்கு வேண்டாம்” என்றார் செக்கிங்.

“இலவசம்தான் சார்.”

“அதனாலதான் வேண்டாம்.”

“குடிக்க வேண்டாம் சார். கையில வாங்கிக்குங்க, போதும்.”

தட்டை நீட்டியபடியே நின்றாள். அவர் வாங்கிக்கொள்ளும் வரை நகரவில்லை. குடிக்காத டீயை எதற்காக ஒருத்தி கையில் திணிக்க வேண்டும்? முகர்ந்து பார்த்துவிட்டு டம்ளரை இருக்கைக்கு அடியில் வைத்தார்.

பிறகு வில்லைகள் வந்தன. எண் பொறித்த பித்தளை வில்லை, ரப்பர் பட்டையோடு. ஏணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு கொக்கிகள். தண்ணீரில் இறங்குகிறவர் வில்லையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு போக வேண்டும். ஏறியதும் தன் எண்ணுள்ள கொக்கியில் தன் கையால் மாட்ட வேண்டும். பலகை நிறைந்தால்தான் படகு நகரும். “போன வருஷம் வேற ஒரு படகுல ஒரு ஆளை விட்டுட்டு வந்துட்டாங்க. அதுலேர்ந்து இது சட்டம்” என்றாள் படகோட்டியின் மனைவி.

செக்கிங் அதைக் கேட்டார். ஆனால் அவர் கண் பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியில் நின்றது: வில்லையைத் தொலைத்தால் அபராதம். ரப்பர் பட்டையை இழுத்துப் பார்த்தார். தொளதொளவென்று இருந்தது.

“பார்த்தியாக்கா? வேணும்னே லூஸா வெச்சிருக்காங்க. தண்ணிக்குள்ள கழண்டு விழணும், நாம தண்டம் அழணும். எல்லாரும் என்கிட்ட குடுங்க.”

“கையிலேயே கட்டச் சொன்னாளேடா.”

“அவ அப்படித்தான் சொல்லுவா.”

அக்கா கொடுத்தாள். மகள் கொடுத்தாள். மனைவி அவரைப் பார்க்காமலே கழற்றி நீட்டினாள். ரயில் டிக்கெட், அறைச் சாவி, அடையாள அட்டை என்று எந்தப் பயணத்திலும் எல்லாருக்கும் சேர்த்து அவர்தான் வைத்திருப்பார். நான்கு வில்லைகளும் அவர் இடுப்புப் பைக்குள் போயின.

கைடு சைகைகள் சொல்லிக்கொடுத்தான். “உதவி வேணும்னா ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்க. நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு, தலையில கையை வைங்க. தூரத்துலேர்ந்து அதுதான் தெரியும்.”

அக்கா சிரித்துவிட்டாள். “நம்ம வீட்டுல தலையில கை வெச்சா குடி முழுகிப்போச்சுன்னு அர்த்தம் தம்பி.”

“இங்க முழுகலைன்னு அர்த்தம்மா” என்றான் கைடு.

பவளப்பாறைக்குப் பக்கத்தில் மிதவை ஒன்று இருந்தது. அதில் கயிற்றைக் கட்டிப் படகை நிறுத்தினார்கள். முதலில் குதித்தது செக்கிங்கின் மனைவி. குதித்த விதத்தை அவர் கவனித்தார். மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. பழகின கால்கள். இரண்டே நிமிடத்தில் மூச்சுக்குழாயின் நுனி மட்டும் தெரிய, வெகுதூரம் போய்விட்டாள். யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அவரும் இறங்கினார். மிதவைச் சட்டையோடு, ஏணியின் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். கீழே கிளை கிளையாகப் பாறை. பழுப்பு, இளமஞ்சள், சில இடங்களில் எலும்பு வெள்ளை. கட்டைவிரல் நீளத்தில் நீல மீன்கள் கூட்டமாக ஒரே திசையில் திரும்பின. ஒரு பெரிய மீன் அவர் கண்ணாடிக்கு நேராக வந்து நின்று பார்த்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகவே தீனி போட்டுப் பழக்கிய மீனாக இருக்கும் என்று நினைத்தார். உதட்டோரம் தண்ணீர் புகுந்தது. பத்து நிமிடத்தில் மேலே வந்துவிட்டார்.

கைடு விசில் ஊதினான். அலுவலக நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அக்காவும் மகளும் வந்தார்கள். மகளுக்கு அலையில் வயிற்றைப் புரட்டியது. அக்கா அவளைக் கைத்தாங்கலாகப் படகின் சின்ன அறைக்குள் கூட்டிப்போனாள். படகின் பின்பக்கம், கடைசி பெஞ்சில், மஞ்சள் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண் இவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தார். சரி, உட்காரட்டும்.

இடுப்புப் பையைத் திறந்து, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று நான்கு வில்லைகளையும் வரிசையாக மாட்டினார். ஒன்றும் தொலையவில்லை. அபராதம் போட நினைத்தவர்கள் ஏமாந்து போகட்டும்.

பலகை நிறைந்தது. கைடு கடைசியாக ஏறிப் பலகையைப் பார்த்தான், கயிற்றை அவிழ்த்தான். என்ஜின் இருமிக் கிளம்பியது.

படகோட்டியின் மனைவி டீத்தட்டோடு வந்தாள். முன்பக்கத்திலிருந்து தொடங்கி, வேண்டாம் என்றவர்கள் கையிலும் கொடுத்து, அறைக்குள் இரண்டு கொடுத்து, பின்பக்கம் போனாள். மஞ்சள் துண்டுக்காரி திரும்பி டம்ளரை வாங்கினாள். கல்யாணப் பெண்.

தட்டில் ஒரு டீ மிச்சம் இருந்தது.

“நிறுத்துங்க!” என்று படகோட்டியின் மனைவி போட்ட சத்தத்தில் என்ஜின் நின்றது.

“பலகை நிறைஞ்சிருக்கு” என்றார் படகோட்டி.

“பலகை என்ன டீயா குடிக்கும்? தலை பதினொண்ணுதான் இருக்கு. யாரோ கீழ இருக்காங்க.” பலகையை ஒருமுறை பார்த்தாள். “ஒன்பது யாரு? ஒன்பதாம் நம்பர்!”

செக்கிங் மஞ்சள் துண்டைப் பார்த்தார். அதற்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

“என் வீட்டுக்காரி” என்றார்.

“அப்போ வில்லையை யாரு மாட்டினது?”

“நான்தான். நாலையும் சேர்த்து.”

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அவங்க கையில கட்டிவிட்டதை நீங்க ஏன் சார் வாங்கினீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொலைநோக்கியை எடுத்துக் கணவரிடம் கொடுத்தாள்.

கைடு ஏணியின் மேல்படியில் நின்று தேடினான். “பாறை விளிம்பைத் தாண்டியிருந்தா அந்தப் பக்கம் இழுப்பு ஜாஸ்தி” என்று படகோட்டியிடம் தணிந்த குரலில் சொன்னான். “எவ்வளவு நீந்தத் தெரிஞ்சவங்களா இருந்தாலும் எதிர்த்து வர முடியாது.”

அது செக்கிங்கின் காதில் விழுந்தது. அக்கா அறையிலிருந்து ஓடி வந்தாள். அவர் படகின் முன்முனைக்குப் போனார். எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரித் தண்ணீர். பேருந்தில் ஒரு தலை குறைந்தால் வண்டிக்குள் தேடலாம். தலையை எண்ணு, டிக்கெட்டை எண்ணாதே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் பாடம் எடுப்பார். இரண்டு கைகளும் தாமாகத் தலைக்குப் போயின.

“அதோ!” என்றான் கைடு.

வெகுதூரத்தில், விளிம்புக்கு அப்பால், ஒரு புள்ளி. அது மேலே எழும்பியது. ஒரு கை உயர்ந்தது. பிறகு அந்தக் கை வளைந்து தலையில் உட்கார்ந்தது.

“ஐயோ, தலையில கை வெச்சுட்டாக்கா!” என்று அலறினார் செக்கிங். “போச்சு, எல்லாம் போச்சு!”

“சார், சார். நல்லா இருக்கேன்னு சொல்றாங்க சார்.”

அவருக்குப் புரிய நேரமானது. படகு வளைந்து விளிம்பைச் சுற்றிப் போகும் வரை அவர் கைகளை எடுக்கவில்லை. தண்ணீரில் இருந்தவளும் எடுக்கவில்லை. இருவரும் அப்படியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நெருங்கினார்கள்.

ஏணியில் ஏறியவளுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்திருந்தது. படகோட்டியின் மனைவி அவளைப் பெஞ்சில் உட்காரவைத்து, மிச்சமிருந்த டீயைக் கையில் கொடுத்தாள்.

“ஒரு ஆமை” என்றாள் அவள். “அது பின்னாடியே போயிட்டேன். விசில் காதுல விழல. என்ஜின் சத்தம் கேட்டதும்தான் திரும்பினேன், படகு போகுது. அடிச்சு அடிச்சு நீந்தறேன், ஒரு முழம்கூட நகர முடியல. சரி, அவ்வளவுதான்னு நினைச்சேன். அப்பதான் படகு நின்னுச்சு. நீங்க முன்னாடி வந்து ரெண்டு கையையும் தலையில வெச்சீங்க. நம்ம ஆளு பார்த்துட்டாரு, எண்ணிப் பார்த்து நிறுத்தியிருக்காருன்னு நினைச்சேன். பதற வேண்டாம், மிதந்தா போதும்னு நானும் தலையில கையை வெச்சேன்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அக்கா கடலைப் பார்த்தாள். படகோட்டியின் மனைவி வெறும் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அப்படியே போய்விடும் என்று செக்கிங்குக்குத் தெரிந்தது.

“நான் எண்ணல” என்றார். “உன் வில்லையை நான்தான் மாட்டினேன். நீ ஏறிட்டேன்னு நினைச்சேன். இவங்கதான் நிறுத்தினாங்க.”

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். ஒன்பதாம் கொக்கியைப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

“பள்ளிக்கூடத்து நீச்சல் குளம்” என்றாள். “பொம்பளைங்களுக்கு மட்டும், செவ்வாய்க்கிழமை. சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு அறுபது வயசு. போதுமா? அண்ணிதான் சேர்த்துவிட்டாங்க.”

அக்கா தொண்டையைச் செருமினாள். “எனக்கு மூட்டுவலிடா. டாக்டர் நீந்தச் சொன்னாரு. துணைக்கு ஆள் வேணும்னு நான்தான் கூப்பிட்டேன்.”

“இந்த விஷயம் எனக்கும் தெரியும்பா” என்றாள் மகள்.

“என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்களும் வந்திருப்பீங்க. கரையில நின்னு எத்தனை ரவுண்டு போனேன்னு எண்ணியிருப்பீங்க.”

அலுவலக நண்பர்களில் ஒருவருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் டீ புரையேறியது.

படகு இரண்டாவது இடத்தில் நின்றது. ஆழம் குறைவு, கைடு முதலிலேயே இறங்கி எல்லையில் மிதந்தான். செக்கிங்கின் மனைவி எழுந்து போய், ஒன்பதாம் வில்லையை எடுத்து, பட்டையை இரண்டு சுற்றாகச் சுற்றி மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். அவர் ஏணிப் பக்கம் போய் நின்றார்.

“இப்பவும் செவ்வாய்க்கிழமை போறியா?”

“ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

“நீங்க சும்மா கேக்கற ஆளா?”

டிக்கெட் தொலைந்துவிட்டது என்று சொல்பவனை அவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி அவரை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் தண்ணீரில் குதித்தாள்.