பதிமூன்றடிக் கம்புக்கு எந்த நூல்

1

இந்தக் கதை எனக்கு பஸ்ஸில் கிடைத்தது. கிடைத்தது எவ்வளவு, நானாகச் சேர்த்தது எவ்வளவு என்று முதலிலேயே பிரித்துக் காட்டிவிடுகிறேன். பிற்பாடு நமக்குள் மனத்தாங்கல் வேண்டாம்.

கிடைத்தது: 2005, மாசி மாதத்து ஞாயிறு. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். மூத்தவர் மடியில் நாலரையடி நீளத்துக்குக் கறுப்பு உறை போட்ட குழாய். நடத்துநர் சீட்டுக் கிழிக்காமல் குனிந்து குழாயை மோந்து பார்த்தார்.

"உள்ள என்ன, வாணமா? வெடிச் சாமான் பஸ்ல ஏத்தக் கூடாது, தெரியும்ல."

"வாணமில்ல. மீன் பிடிக்கிற கம்பு."

"எங்கன பிடிக்கப் போறீக?"

"இருக்கன்குடி ஆத்துல."

பஸ்ஸே சிரித்தது. பொங்கல் பானையை முழங்காலுக்கிடையே இடுக்கியிருந்த ஓர் அம்மாள், "மணலுக்குள்ள கெடந்தா எனக்கும் ரெண்டு பிடிச்சாந்து குடுங்கய்யா, கொளம்புக்கு ஆகும்" என்றாள்.

சாயந்தரம் அதே பஸ்ஸில் அதே இருவரும் திரும்பினார்கள். வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள், சாத்தூர் வரை பேசவில்லை. இளையவருடைய வலது கட்டைவிரல் நகத்தடியில் மஞ்சள் மை.

இவ்வளவுதான் கிடைத்தது. மீதி என் சரக்கு.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அடித்ததை மறைக்கவில்லை.

(அ) "ஆறில்லாத ஊரில் ஆற்றைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவர் இருந்தார், அவர்—" வேண்டாம். இது கதையல்ல, கைதட்டலுக்கு நிற்கிற வாக்கியம்.

(ஆ) "அயல்நாட்டுக் கடைக்காரர் திரு. —" பெயர் வைக்கப் போய் நிறுத்திவிட்டேன். நான் போகாத நாடு, பார்க்காத மனிதர். கடைக்காரர் என்றே இருக்கட்டும். குளிர்நாட்டு ஆற்றங்கரையில் தூண்டில் சாமான் விற்பவர்.

(இ) "காளீஸ்வரன் கடிதம் எழுதுமுன் பேனாவை மூன்று முறை உதறுவார்." இது நிற்கும்.

காளீஸ்வரன்தான் குழாய் வைத்திருந்தவர் என்று கொள்ளுங்கள். வயது நாற்பத்து நாலு. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கடிதப் போக்குவரத்தும் புரூப் பார்ப்பதும் அவர் வேலை. திருத்தங்கல் பள்ளியில் பத்தாவது வரை படித்தவர். அங்கே ஆங்கில வாத்தியார் கற்றுக்கொடுத்த ஒரே பாடம்: கடிதத்தில் முதலில் பொருள், பிறகு பார்வை, அதன் பிறகே விஷயம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இருபது வருஷமாக உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

கட்டைவிரலில் மை உள்ளவன் கருப்பணன். அதே அச்சகத்தில் நாலு கலர் மெஷின் ஓட்டுபவன். காளீஸ்வரனின் தங்கை ஞானசுந்தரியின் வீட்டுக்காரன். தங்கையையும் நான்தான் சேர்த்தேன். அவள் இல்லாவிட்டால் காளீஸ்வரனுக்குத் தூக்கம் கெடாது.

3

சரக்குக்கு வருவோம். கடைக்காரர் சிவகாசியில் அச்சடிக்கக் கொடுத்தது பதினாறு பக்கச் சிறுநூல். விஷயம்: ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்க இரண்டு கையாலும் வீசும் தூண்டில் கம்பையும் அதற்கான நூலையும் எப்படித் தேர்ந்தெடுப்பது.

புரூப் பார்ப்பதற்காக காளீஸ்வரன் அதை இருபது தடவையாவது படித்திருப்பார். பதினெட்டாவது தடவையிலிருந்து அது அவருக்கு மனப்பாடம். டீக்கடையில் கேட்டாலும் சொல்வார். நம்மூர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். அங்கே முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி மாதிரி செய்கிறார்கள். அதற்குக் கனமே கிடையாது. அதனால் நூலே கனமாக இருக்கணும். நூலின் கனத்தில் கம்பு வளையணும், வளைந்த கம்பு நிமிரும்போதுதான் நூல் பறக்கும். ஆகவே முதலில் ஆற்றைப் பார். சின்ன ஆறென்றால் பதினோரடிக் கம்பு, அகல ஆறென்றால் பதிமூன்றடி. பிறகு கம்புக்கேற்ற நூல். கம்பிலும் நூலிலும் ஒரே எண் போட்டிருக்கிறதே என்று நம்பி வாங்கினால் ஏமாந்துபோவாய். ஒரு கை வீசும் நூலின் ஏழும் இரண்டு கை நூலின் ஏழும் ஒரே கனமில்லை.

இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் கடைக்காரர் நிறத்தால் வழி சொல்லியிருந்தார். ஒவ்வொரு கம்பின் படத்தடியிலும் ஒரு நிற வளையம். அதே நிறத்து நூலை வாங்கு. பதினோரடிக்கு மோர் நிறம். பதிமூன்றடிக்கு வைக்கோல் நிறம். நிறம் தப்பக் கூடாதென்று இரண்டு நூலையும், பதிமூன்றடிக் கம்பு ஒன்றையும் மாதிரிக்கு அனுப்பியிருந்தார்.

(ஒரு குறுக்கீடு: நான் ட்ரவுட் மீனைப் பார்த்ததில்லை. காளீஸ்வரனும் பார்த்ததில்லை. இந்த விஷயத்தில் நாங்கள் சம ஆட்கள்.)

4

தப்பு எங்கே நடந்தது?

கருப்பணன் பத்தொன்பது வருஷம் பட்டாசு லேபிள் ஓட்டியவன். லேபிள் கடை மேலே தொங்கும். தெருவில் போகிறவன் கண்ணை இழுக்கணும். அதனால் சிவப்பையும் மஞ்சளையும் ஒரு இழுப்பு ஏற்றித்தான் ஓட்டுவார்கள். யாரும் சொல்லித் தருவதில்லை, கையே போகும். கடைக்காரர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மாதிரித் தாள் மெஷின் பக்கத்திலேயே தொங்கியது. அவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் மஞ்சளை ஏற்றினான்.

சனிக்கிழமை காலை அடுக்கில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வெயிலுக்குக் கொண்டு போனார் காளீஸ்வரன். மோரும் மஞ்சள். வைக்கோலும் மஞ்சள்.

"மாப்ள, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன் மச்சான், நல்லாத்தான இருக்கு."

"மாதிரித் தாள்ல இப்பிடியா இருக்கு?"

"அது சோகை பிடிச்ச பிள்ளை மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் தெம்பு குடுத்தேன்."

நாலாயிரம் பிரதிக்கும் தெம்பு கொடுத்தாகிவிட்டது.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம். லோடு ஏற்றுமுன் ஒரு பிரதியைக் கடிதத்தோடு கூரியரில் அனுப்பணும். அங்கிருந்து சரி வந்தால்தான் லாரி தூத்துக்குடி போகும். அந்தக் கடிதம் திங்கட்கிழமை போகணும். முதலாளியின் சட்டம் ஒன்றும் உண்டு: மெஷின் ஆள் கோளாறால் மறு அச்சு வந்தால், அந்த ஆள் மெஷினை விட்டு இறங்கி பண்டல் கட்டும் பக்கம் போயிரணும். போனவர் யாரும் திரும்பி ஏறியதில்லை.

சாயந்தரமே ஞானசுந்தரி அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்காரவில்லை.

"ஏண்ணே, மஞ்சள் கூடுனதுக்கா இம்புட்டு? நம்ம ஊர்ல மஞ்சள் கொறைஞ்சாத்தான கேப்பாக."

"இது நம்ம ஊருக்கில்லம்மா."

"அவுக மெஷினை விட்டு எறங்குனா வீட்டுல இருக்க மாட்டாகண்ணே. எனக்குத் தெரியும். நீங்க எழுதுற லெட்டர்தான, பாத்து எழுதுங்க."

பாத்து எழுதுறேன் என்றார் காளீஸ்வரன். கதையில் அவர் கொடுத்த ஒரே வாக்கு இது.

5

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இப்படி வாக்குக் கொடுத்த மனிதர் எதற்காகக் கம்பைத் தூக்கிக்கொண்டு காய்ந்த ஆற்றுக்குப் போகணும்? அச்சகத்தில் வேலை பார்க்கும் என் சிநேகிதரிடம் கேட்டேன். "தராசுல போட்டாப் போதுமே" என்றார்.

நியாயம். ஆகவே காளீஸ்வரன் முதலில் தராசில் போட்டார். மோர் நிறம் இருபது கிராம், வைக்கோல் நிறம் முப்பத்தாறு. வித்தியாசம் இருப்பது தெரிந்தது. வித்தியாசத்தால் ஒருவனுக்கு என்ன ஆகும் என்று தராசு சொல்லவில்லை. ஒன்றும் ஆகாது என்றால் பேசாமல் பிரதியை அனுப்பிவிடலாம். அவர் ஆற்றுக்குப் போனது இந்த ஆசையில்தான். உண்மையைத் தேடிப் போனார் என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

6

கோயில் கூட்டம் தாண்டி, கருவேலமரங்கள் தாண்டி, வைப்பாற்று மணல். கம்பின் மூன்று துண்டையும் பொருத்தி நிமிர்த்தியதும் அது ஆடியது. சும்மா பிடித்திருந்தாலே நுனி எதையோ தேடுகிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பதினோராம் பக்கத்தில் சொன்னபடி முள்ளுக்குப் பதில் நூல் முனையில் கம்பளித் துணுக்கைக் கட்டினார் காளீஸ்வரன்.

மோர் நிற நூல். இரண்டு கையாலும் பின்னுக்கு வாங்கி முன்னுக்கு வீசினார். கம்பு வளையவே இல்லை. நூல் அவர் தோளிலும் செருப்பிலும் வந்து விழுந்தது. மறுபடி. மறுபடி. தூரத்தில் ஆடு மேய்த்தவள் சத்தம் போட்டாள்: "ஏய்யா, யாரை வெரட்டுறீக?"

"குடுங்க மச்சான், நீங்க பேனா பிடிக்கிற ஆளு" என்று கருப்பணன் வாங்கினான். அவனுக்கும் அதே கதிதான். கை பழகியவன், கோபம் வந்துவிட்டது. "கம்பு செத்துப் போச்சு மச்சான்."

"கம்பு சாகல. நூலை மாத்துவோம்."

வைக்கோல் நிற நூல். கருப்பணன் பின்னுக்கு வாங்கினான். கொஞ்சம் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தாள் மெஷினுக்குள் போய் வெளியே வரும் வரை நிற்கிற நிற்பு அது. கம்பு அடி வரை வளைந்தது. விட்டான். நூல் ஆற்றுக்குக் குறுக்கே சுருள் பிரிந்து, பிரிந்து, நேராகிப் படுத்தது.

காளீஸ்வரன் அடி வைத்து அளந்தார். அறுபத்திரண்டு.

கருப்பணன் கம்பைக் கீழே வைக்கவில்லை. மறுபடி வீசினான். எத்தனை தடவை என்று காளீஸ்வரனே எண்ணவில்லை. கடைசியில் மோர் நிற நூலைக் கையில் எடுத்து, வைக்கோல் நிறத்தோடு சேர்த்து வெயிலில் பிடித்தான்.

"ரெண்டும் வேறதான்" என்றான்.

7

மூன்று கடிதங்கள். காளீஸ்வரன் ஒழுங்கான ஆள், மூன்றையும் மனசுக்குள் எழுதி வைத்திருந்தார்.

ஒன்று: "முன்பிரதி இணைத்துள்ளோம்." வேறொன்றும் இல்லை. கடைக்காரர் கவனித்தால் கவனிக்கட்டும். (அறுபத்திரண்டு அடிக்குப் பிறகு இதை அவரால் எழுத முடியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.)

இரண்டு: "நிறம் மாறியுள்ளது. இந்தத் தடவை வந்த மையில் கோளாறு. மறு அச்சு செய்து தருகிறோம்." இதில் கடைக்காரருக்குச் சரியான புத்தகம் கிடைக்கும். கருப்பணன் மெஷினில் இருப்பான். தங்கைக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும். பொய் சொல்லப்படுவது மை மேல் மட்டும்தான்.

மூன்று: நடந்தது நடந்தபடி.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் இரண்டாவதைப் படித்துக் காட்டுவது போல கருப்பணனிடம் சொன்னார். அவன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தார்.

"மை மேல போட்டா, மறு அச்சு யாரு ஓட்டுவா?"

"நீங்கதான் மாப்ள. அதுக்குத்தான இம்புட்டும்."

"நாந்தான். திரும்பவும் என் கை அங்கனதான் போகும். அன்னைக்கும் மாதிரித் தாளைப் பாத்துக்கிட்டேதான மச்சான் ஏத்துனேன். எம் பேரைப் போட்டே எழுதுங்க."

"எறக்கிருவாக."

"தெரியும்."

"உங்க வீட்டுல என்ன சொல்லுறது?"

"அதை நீங்க சொல்லுங்க. உங்க தங்கச்சிதான."

அதனால்தான் பஸ்ஸில் வேறு வேறு சீட்டு. அன்றைக்கு நான் அதை வெறும் சண்டை என்று நினைத்தேன்.

8

முடிவு. இங்கேதான் ஒரு மாதமாக நிற்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் காளீஸ்வரன் இரண்டு கடிதங்களைத் தட்டச்சு செய்தார்: இரண்டாவதும் மூன்றாவதும். ஆங்கிலம் தெரியாத கருப்பணன் மெஷினிலிருந்து இறங்கி வந்து, "எது எம் பேரு உள்ளது?" என்று கேட்டு, அதன் அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டான். தாளை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் பதிந்துவிட்டது. மஞ்சள். அளவு மீறின அதே மஞ்சள்.

முதலில் எழுதிய முடிவில் மூன்றாவது கடிதம் போனது. கடைக்காரர் மனம் நெகிழ்ந்து, "அந்தக் கையையே ஓட்டச் சொல்லுங்கள்" என்று பதில் போட்டார். படிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மனிதரை எனக்குத் தெரியாது. அவர் நல்ல குணத்தைக் கடன் வாங்கி என் ஆட்களைக் காப்பாற்றுவது முறையில்லை.

இன்னொன்றில் இரண்டாவது கடிதம் போனது. மறு அச்சன்று காளீஸ்வரன் மெஷின் பக்கத்தில் நின்று, கருப்பணன் கை மஞ்சள் பக்கம் போகும்போதெல்லாம் தட்டிவிட்டார். கருப்பணன் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்த நாள் முழுவதையும் எழுதிப் பார்த்தேன். எழுதி முடித்ததும் எனக்கே அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

மற்றொன்றில் ஞானசுந்தரி பண்டல் கட்டும் பக்கம் சோற்று வாளியோடு போய் நின்று— இல்லை. அவளைப் பற்றிய வாக்கியத்தை எப்படி முடித்தாலும் பொய்யாகிறது.

ஆகவே நான் போக முடிகிற தூரம் இது: சாயந்தரம் நாலே முக்கால். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கூரியர் கடை. காளீஸ்வரன் முன்பிரதியை மேஜையில் வைத்துவிட்டார். கையில் இரண்டு உறைகள், இரண்டும் ஒட்டியாகிவிட்டது. ஒன்றின் உள்ளிருந்து மஞ்சள் கசிந்து வெளித்தாளில் ஒரு பயறு அளவுக்குத் தெரிகிறது. வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது.

கடையில் இருக்கும் வேல்விழி கேட்கிறாள்: "வண்டி வந்திருச்சு அண்ணாச்சி. எதைச் சேத்து வைக்க?"

அவர் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

ஆற்றைப் பார்த்தாகிவிட்டது, கம்பையும் பார்த்தாகிவிட்டது. இரண்டு நூலையும் வெயிலில் பிடித்தும் காட்டிவிட்டேன். வேல்விழி கையை நீட்டியபடி நிற்கிறாள். ரொம்ப நேரம் அவளை நிற்க வைக்காதீர்கள்.