றஞ்சிதத்தின் எட்டு நிழல்கள்

2010 மாசியில், மீள்குடியேற்றத்துக்குப் பேர் பதிய அரிப்புக் கிராமத்துக் கோயில் வளவில் நின்ற வரிசையில், எல்லாருக்கும் ஒரு நிழலும் கருவாடு போடும் றஞ்சிதத்துக்கு எட்டு நிழல்களும் விழுந்தன. ஒன்று நெட்டை, ஒன்று கட்டை, ஒன்றுக்கு இடுப்பு கொஞ்சம் பெரிது. பிறந்த நாள்முதல் அவளோடு இருப்பவைதான். பள்ளிக்கூடத்தில் சுருட்டை முடிக்கும் இதற்கும் சேர்த்துக் காப்பிலி என்று பட்டம் வைத்தார்கள். அன்றிலிருந்து ஆட்கள் முன்னால் வெயிலில் நிற்பதென்றால் அவளுக்கு உயிர் போகும். கருவாடு போடுகிறவள் வெயிலுக்கு ஒளித்து எங்கே போவது?

பேர் பதிந்த கிராம அலுவலர் கனகரத்தினம் முருங்கன் பக்கத்து வயற்காரர், கூச்ச சுபாவி. அகதி முகாமில் மூன்று வருடம் ஆள் எண்ணியவர். மாடு எண்ணுவதுபோல் மனிதரை முகம் பார்த்து எண்ண மனம் வராமல், குனிந்து நிழல்களை எண்ணிப் பழகிவிட்டார். அந்தப் பழக்கத்தில் றஞ்சிதத்தின் குடும்ப அட்டையில் எட்டுப் பேர் என்று எழுதினார். அவள் கண்டும் வாய் திறக்கவில்லை. தனி ஆளுக்கு வீட்டுத்திட்டத்தில் வீடு இல்லை. தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இன்னொரு மாரியைக் கழிக்க அவளிடம் தெம்பும் இல்லை.

புரட்டாதியில் மேலதிகாரி ஒருவர் காலை ஏழரைக்கே சோதிக்க வந்தார். வானம் மூட்டமாக இருந்தது. தறப்பாள் வாசலில் ஒரே ஒரு பெண் நின்றாள்.

"மிச்ச ஏழு பேரும் எங்க?"

"வெயில் ஏறட்டும் ஐயா, வருவினம்."

அவர் பேரை வெட்டப் பேனை எடுத்த நேரம் முகில் விலகியது, ஏழு பேரும் வந்தார்கள். அதிகாரி கால் வைக்க இடமில்லாமல் தள்ளி நின்றார். முந்தின மாதம் இந்தக் கரையில் மரபணு பார்க்க இருநூறு பேரிடம் எச்சில் வாங்கிப்போன பல்கலைக்கழகத்து வேணுஜாவும், முடிவு சொல்ல அன்றைக்குத்தான் வந்திருந்தாள்.

"இந்த அம்மாவின்ர எச்சிலுக்குள்ள ஆப்பிரிக்காவின்ர ஏழு இடத்துச் சனம் இருக்கினம், சேர். மற்ற எல்லாரையும் சேர்த்தாலும் இவவில இருக்கிற வித்தியாசம் வராது. பறங்கியின்ர கப்பலில பிடிச்சு ஏத்திக்கொண்டு வந்து, இங்க இறக்கின ஆக்கள். அவையைத்தான் காப்பிலியள் எண்டு சொல்லுறது."

"எப்ப?"

"நானூறு வருசமிருக்கும்."

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிழலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. கனகரத்தினம் வாழ்நாளில் முதற்தடவையாக ஒரு மேலதிகாரியின் முகத்தை நேரே பார்த்தார்.

"அப்ப அவையும் இடம்பெயர்ந்த ஆக்கள்தானே, சேர். இன்னும் ஆரும் குடியேத்தேல்லை."

அதிகாரி பேர் வெட்ட எடுத்த பேனையாலேயே கையெழுத்துப் போட்டார். றஞ்சிதம் சந்தோசத்தில் விக்கி விக்கி அழுதாள். அழுதபடியே நடுமுற்றத்து வெயிலில் போய், ஊர் பார்க்க நிமிர்ந்து நின்றாள்.

அடுத்த ஆனியில் வீடு முடிந்தது. வீடு மந்திரிக்க வந்த பங்குச் சுவாமியார் ஒவ்வொருவருக்குமாக எட்டுத் தரம் தீர்த்தம் தெளித்தார். றஞ்சிதம் எட்டுப் பேருக்கு உலை வைத்தாள். சோறு மிஞ்சவில்லை.