பட்டி பூசிய பம்பர்

அக்கா புருஷனை வீட்டில் எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் படித்தது வரலாறு, வேலை பார்ப்பது குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக. கல்யாணமான புதிதில் மிக்ஸியைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் முழித்தபோது மாமனார் கிண்டலுக்கு வைத்த பெயர் அது. நாளாவட்டத்தில் கிண்டல் மறந்துபோய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவரும் அதைப் படித்து வாங்கிய பட்டம் மாதிரியே சுமந்துகொண்டு திரிந்தார்.

இரும்போடு நிஜமாகவே மாரடிப்பவள் அவருடைய மச்சினி. பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் பதினோரு வருஷமாக வெல்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவளை வரச் சொன்னார். அவரிடம் ஒரு பழைய ஜீப் உண்டு. அதற்குப் பெரிய டயர்கள் போட்டதிலிருந்து, ஸ்டெப்னியின் கனம் தாங்காமல் பின்கதவு தொங்க ஆரம்பித்திருந்தது. அதனால் பின்பக்கம் புதிதாக ஒரு பம்பர் செய்து, அதன் ஓரத்தில் ஓர் இரும்புக் கையைப் பொருத்தி, ஸ்டெப்னியை அதில் மாட்டிவிட்டார். கதவைத் திறக்க வேண்டுமென்றால் அந்தக் கையை டயரோடு கேட் மாதிரி பக்கவாட்டில் தள்ளிக்கொள்ளலாம். யோசனை நல்ல யோசனைதான். இரவல் வெல்டிங் மிஷினை வைத்துக்கொண்டு மூன்று வாரத்தில் தானே செய்து முடித்ததாகச் சொன்னார்.

பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. முகம் பார்க்கலாம் போலக் கறுப்புப் பெயின்ட். அந்தப் பளபளப்பைப் பார்த்ததுமே அவளுக்கு எங்கோ இடித்தது. டார்ச்சை வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தாள்.

கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அடியில் அவர் எதையும் மறைத்திருக்கவில்லை. துருவைக்கூடச் சுரண்டாமல் அதன்மேலேயே பற்றவைத்திருந்தார். காக்கை எச்சம் மாதிரி சொட்டுச் சொட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது வெல்டிங். பம்பரை, வண்டியின் கனத்தைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸில் பூட்டாமல், பாடியின் மெல்லிய தகட்டில் பூட்டியிருந்தார். கை சுழலும் இடத்தில் ஏதோ பழைய கேட்டின் கீல். கையை மூடி நிறுத்துவதற்குக் குளியலறைத் தாழ்ப்பாள். அதில் சோப்பு நுரை காய்ந்த வெள்ளைப் படிவு இன்னும் இருந்தது.

வெளியே வந்து மேல்பக்கத்து மூலையை நகத்தால் கீறிப் பார்த்தாள். பெயின்ட்டோடு ஒரு விரற்கடை பட்டி பெயர்ந்து வந்தது. காரில் நெளிவை மறைக்கப் பூசுவார்களே, அதே பட்டி. ஓட்டையாகக் கிடந்த வெல்டிங்குக்கு மேல் அதை அப்பி, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார்.  தெரியாமல் செய்தவர் என்றால் சொல்லிக்கொடுத்துவிடலாம். பட்டி பூசியவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கெங்கே உடையும், எப்படி உடையும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். பஸ் கட்டுகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் பஸ்ஸாகத்தான் தெரியும் என்றார். காபி கொண்டுவந்த அக்கா அவளைத் தனியாக இழுத்தாள்.

"விடேன்டி. மூணு வாரமா மனுஷன் யார்மேலயும் எரிஞ்சு விழாம இருக்காரு."

 ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன் என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவர் கழற்றவில்லை. அதோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. போட்டோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். அடுத்த தெருவில் ஒரு நர்ஸ் இருந்தார். ஊருக்கு வெளியே உள்ள மருத்துவ முகாம்களுக்குப் போய்வர அவரும் அதே மாதிரி ஜீப்தான் வைத்திருந்தார். தனக்கும் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்க, இன்ஜினியர் செய்து மாட்டிக்கொடுத்துவிட்டார். இது எதுவும் மச்சினிக்குத் தெரியாது.

ஐந்து வாரம் கழித்து ஒரு மத்தியானம், அந்த நர்ஸ் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். சந்தை வளைவில் வண்டியைத் திருப்பும்போது தாழ்ப்பாள் கழன்று, கை டயரோடு வெளியே வீசிக்கொண்டு போயிருக்கிறது. பக்கத்தில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த ரொட்டிக்காரரை அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு கீலும் பிய்ந்து, டயர் உருண்டு முடிதிருத்தும் கடைக்குள் புகுந்து நின்றதாம். நர்ஸ் நடுரோட்டில் உட்கார்ந்து, தன் கையாலேயே அவருக்குக் கட்டுப்போட்டிருக்கிறார்.

சாக்கிலிருந்த துண்டை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுல பத்தவெச்சது எல்லாம் நீங்கதான்னு உங்க மாமா சொல்றாரு. இப்ப இல்ல, மாட்டும்போதே சொன்னாரு. பஸ் கட்டுற கை, உடையவே உடையாதுன்னு."

அவள் கிரைண்டரை எடுத்து உடைந்த இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்தாள். கறுப்பு போய், அடியில் மஞ்சள் பட்டி வந்தது. பட்டியும் போனதும், இரண்டு இரும்புக்கும் நடுவில் நாணயம் நுழைகிற அளவுக்குச் சந்து தெரிந்தது. பிறகு இரண்டு துண்டுத் தகடுகளைப் பற்றவைத்து, சம்மட்டியால் அடித்துக் காட்டினாள். தகடு வளைந்ததே தவிர வெல்டிங் விடவில்லை. சத்தம் கேட்டு வந்த மேஸ்திரி, மேஜையில் கிடந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, யார் இந்தக் கண்றாவியை உள்ளே கொண்டுவந்தது என்று கேட்டார். நர்ஸுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனபோது இன்ஜினியர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துக் கொஞ்சமும் கலங்கவில்லை.

"நல்லவேளை, நீயே வந்துட்ட. நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கு சர்டிபிகேட் இருக்கு. கை தவறிடுச்சுன்னு சொன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. நான் செஞ்சேன்னா என்னை ஏமாத்துக்காரன்னு சொல்லிடுவாங்க."

"நீங்க ஏமாத்துக்காரர்தானே மாமா."

அவர் விரலை நக்கிக்கொண்டு, இன்னொரு கரண்டி போடச் சொல்லித் தட்டை நகர்த்தினார். அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைத் தூக்காமல் பரிமாறினாள்.

"சொன்னா உனக்கு என்னடி குறைஞ்சிடும்? நம்ம வீட்டு விஷயம் வீட்டோட போகட்டும்."

அக்கா எதையும் புதிதாகக் கேட்பவள் மாதிரி இல்லை. தன் பெயரைச் சொல்லி நர்ஸுக்கு மாட்டியது அக்காவுக்கும் அப்போதே தெரியும் என்பது அவளுக்கு விளங்கியது. அந்த மனுஷன் இவ்வளவுதான் என்று ஒதுக்கிவிடலாம். ஒரே பாயில் படுத்து வளர்ந்த அக்கா இப்படிச் சொன்னதை அப்படி ஒதுக்க முடியவில்லை. அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்தாள்.

மறுநாள் காலையில், அவர் வேலைக்குக் கிளம்புமுன் கிரைண்டரோடு வந்து நின்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் ஜீப்பின் பம்பரை அறுக்க ஆரம்பித்தாள். அவர் கத்திய கத்தலில் தெருவே கூடியது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரோட்டில் போகிறவர்கள் தலையில் விழுவதைவிட இங்கேயே விழட்டும் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பால் காய்கிற நேரம்கூட ஆகவில்லை. பம்பர் தொப்பென்று தரையில் விழுந்தது. கேட்டுக்கு வெளியே நர்ஸ் நின்றிருந்தார். ரொட்டிக்காரர் வீடுவரை போய்விட்டு வரலாம் என்றார். அத்தனை பேர் பார்க்க மறுக்க முடியாமல் இன்ஜினியர் நடந்தார்.

ரொட்டிக்காரர் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிய கையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சண்டை எதுவும் போடவில்லை. அறுபது வீட்டுக்கு யார் ரொட்டி கொண்டுபோவார்கள் என்பது ஒன்றுதான் அவர் கவலை. பேக்கரியில் ஒரு வாரம் பார்ப்பார்களாம், பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

"இன்ஜினியர் சார்கிட்டதான் ஜீப் இருக்கே" என்றார் நர்ஸ்.

அப்படித்தான் முடிவானது. ஏழு வாரம், தினமும் விடியும்போது, பின்னால் அறுபட்ட இரும்பு துருத்திக்கொண்டிருந்த ஜீப்பில் அவர் வீடு வீடாக ரொட்டி போட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இரண்டாவது வாரமே, ரொட்டி எடுத்துப்போகும் பெட்டியை இன்னும் எப்படியெல்லாம் நன்றாகச் செய்யலாம் என்று வாங்குகிறவர்களுக்கெல்லாம் விளக்க ஆரம்பித்துவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் ஒருநாள் அது காதில் விழுந்ததும், அவள் தெருவை மாற்றிக்கொண்டாள்.

நர்ஸுக்கு வேறு பம்பர் அவள்தான் செய்துகொடுத்தாள், இரண்டு விடுமுறை நாளில். சேஸிஸிலேயே பூட்டினாள். கை சுழலும் இடத்துக்கு டிரெய்லர் அச்சும் பேரிங்கும். மூடுவதற்கு இரண்டு பூட்டு. நர்ஸ் அந்தக் கைமேல் ஏறி உட்கார்ந்து ஆடிப் பார்த்துவிட்டு, அசையவே இல்லையே என்று சந்தோஷப்பட்டார். மற்ற நாளாக இருந்தால் அவளுக்கும் அது நிறைவாக இருந்திருக்கும். அன்றைக்குக் கையைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

ரொட்டிக்காரர் மறுபடி சைக்கிளில் ஏறிய வாரத்தில் இன்ஜினியரிடமிருந்து போன் வந்தது. நடுவில் எதுவுமே நடக்காத மாதிரிப் பேசினார். ஜீப்புக்கு இன்னொன்று செய்யப்போகிறாராம். நர்ஸுக்குப் போட்டது எந்த பேரிங் என்று கேட்டார்.

போனை வைத்துவிடத்தான் தோன்றியது. சொல்லாவிட்டால் மறுபடி ஏதாவது பழைய கேட்டிலிருந்து கீலைப் பிடுங்கி மாட்டுவார் என்பதும் தோன்றியது. அளவைச் சொன்னாள். சேஸிஸில்தான் பூட்ட வேண்டும், பட்டி கூடவே கூடாது என்றாள். இரண்டையும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தாள்.

"உங்க அக்கா பக்கத்துலதான் இருக்கா. குடுக்கட்டுமா?"

"வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.